பீரோக் கண்ணாடியில் ஓர் ஆறு

பிப்ரவரி 4, ஞாயிறு

காலையில் ஆற்றின்மேல் பனி. குறுக்குத்துறைக் கல்மண்டபம் பாதிதான் தெரிந்தது. டிசம்பர் வெள்ளம் விட்டுப்போன சேறு இன்னும் தூண்களில், நெஞ்சு உயரத்துக்கு, சந்தனம் பூசியது மாதிரி.

குழாய்க்கு வாஷர். கண் சொட்டு மருந்து. நான் ஓய்வுபெற்ற கல்லூரியிலிருந்து அழைப்பு: துறைத்தலைவருக்குப் பிரிவு உபசாரம். எனக்கு வரவேண்டிய நாற்காலியில் எட்டு வருடம் உட்கார்ந்தவர். போவதாக இல்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மதி ஏதோ அனுப்பியிருக்கிறாள். அந்தக் குழுவை நான் ஊமையாக்கி மூன்று வருடம். வெளியேறவில்லை. வெளியேறினால் அதுவும் ஒரு செய்தியாகிவிடும்.

நான் கேட்காமலே கோமு வாசித்துச் சொன்னாள். அமெரிக்காவில் மதி வேலை பார்க்கும் தொலைக்காட்சி ஜனங்கள் தரும் நன்கொடையில் நடப்பது, விளம்பரம் கிடையாது. இந்த மாதம் முழுக்க அங்கே கறுப்பின மக்களின் வரலாறு, பாட்டு, சமையல். பாதிக்கு மேல் மதி தொகுத்ததாம். ஒன்று அவள் மாப்பிள்ளையின் சொந்த ஊரிலேயே எடுத்தது.

"ஒரு நாளாவது வந்து பாருங்க. ஒங்க மக செஞ்சதுல்லா."

"எனக்கு வேலை இருக்கு."

ஒரு வேலையும் இல்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

வெயில். வாஷர் மாற்றியாயிற்று. இன்னும் ஒழுகுகிறது.

சாயந்தரம் ஹாலில் கோமுவும், மதி அனுப்பிய நிகழ்ச்சி ஓடும் டி.வி.யும். நான் உள்ளறையில், பேப்பரோடு. பீரோக் கண்ணாடி வாசலுக்கு நேரே இருக்கிறது. பேப்பரைக் கொஞ்சம் தாழ்த்தினால் டி.வி. முழுக்க அதில் தெரிகிறது. இத்தனை வருடத்தில் இன்றுதான் கவனித்தேன்.

மரத்தால் கட்டிய சின்ன தேவாலயம். கனத்த உடம்புக்காரப் பெண்மணி ஒருவர் கண்ணை மூடி ஒரு வரியை இழுக்கிறார். மற்றவர்கள் கீழே விழாமல் அதை ஏந்திக்கொள்கிறார்கள். கண்ணாடியில் எழுத்தெல்லாம் இடவலம் மாறியிருந்ததால் வாசிக்க முடியவில்லை. பாட்டு மட்டும். எப்போதோ ஒரு பெரிய வெள்ளியன்று உவரியில் கேட்டது ஞாபகம். கடல் இரைச்சலுக்கு மேலே பெண்கள் குரல்.

"என்னங்க, என்ன சொல்லுதாங்க? ஒண்ணும் வெளங்கல."

மறுபடி கேட்டாள்.

"ஆத்தைத் தாண்டிப் போறதைப் பாடுதாங்க" என்றேன், இருந்த இடத்திலிருந்தே. "அக்கரையில வீடு இருக்காம்."

"செத்த பொறவா?"

"அப்படியும்தான். அடிமையா இருந்தவங்க தப்பிச்சு ஆத்தைத் தாண்டுனா விடுதலை. ரெண்டும் சேந்த பாட்டு." பேப்பரை உயர்த்திக்கொண்டு, "காதுல விழுந்துச்சு. நான் ஒண்ணும் பாக்கல" என்றும் சொல்லிவைத்தேன்.

"பாத்தீங்கன்னு இங்க யாரு சொன்னா?"

பிப்ரவரி 9, வெள்ளி

தை அமாவாசை. படித்துறையில் கால் வைக்க இடமில்லை. எள், தர்ப்பை, ஈர வேட்டிகள், மிதக்கும் வாழையிலைத் துண்டுகள். சூரியன் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

அப்பா பெயர் சிவனணைந்தபெருமாள். தாத்தா பெயர், அவர் அப்பா பெயர், எல்லாம் தடையில்லாமல் வந்தன. பெண்கள் வரிசையில் மூன்றாவது பெயரில் நின்றுவிட்டேன்.

"ஞாபகம் இல்லையா?" ஐயர் அடுத்த ஆளைப் பார்த்தபடியே சொன்னார். "போகட்டும். தாயேன்னு சொல்லி விடுங்கோ."

தாயே என்று விட்டேன். எள் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது.

அப்பாவின் முழுப் பெயரையும் வாயால் சொல்கிறவன் உலகத்தில் நான் ஒருவன்தான். தம்பி அமெரிக்காவில் அதை வெறும் 'பெருமாள்' ஆக்கிவிட்டான், சொல்ல வசதியாக. மதியின் கல்யாணத்தில் என் இடத்தில் மாலையோடு நின்றவனும் அவன்தான். எனக்கும் அழைப்பு வந்தது. தேதி குறித்தபிறகு. என்னைக் கேட்டு நடக்கவில்லை, என்னிடம் சொல்லி நடந்தது. நிறம் காரணமில்லை என்று இதே பக்கங்களில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 12, திங்கள்

மேகம். முழங்கால் வலி.

இன்று கண்ணாடியில் சமையல். வெண்டைக்காய்! ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டிப் போனதாம். அதை வளர்க்கத் தெரிந்தவர்களும் சமைக்கத் தெரிந்தவர்களும் விலங்கு மாட்டப்பட்டுப் போனார்கள். ஒரு கிழவர் பெரிய கரண்டியால் பைய, பையக் கிண்டுகிறார். ஆவி எழுந்து அவர் முகத்தை மறைக்கிறது, திரும்பக் கொடுக்கிறது.

"அந்த வழவழப்புப் போக கொஞ்சம் புளி விடணும்லா? சொல்லுங்களேன் அவருட்ட."

"எப்படிச் சொல்ல? டி.வி.க்குள்ள போயா?"

"மதிட்டச் சொன்னா அவ சொல்லுவா."

ராத்திரி வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. நன்றாக இருந்தது. அதைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

மேல் அறையில் இரண்டு பெட்டிகள் திறந்து கிடக்கின்றன. 24ஆம் தேதி விமானம். மார்ச்சில் மதிக்குப் பிரசவம். இரண்டு டிக்கெட்டும் அவள் போட்டிருக்கிறாள். நான் வரவில்லை என்று கோமுவிடம் தை பிறந்ததிலிருந்து சொல்லிவருகிறேன். இன்றும் சொன்னேன்.

"வராட்டிப் போங்க. பிள்ளை கேட்டா, தாத்தா ஊர்ல கண்ணாடி பாத்துட்டு இருக்காருன்னு சொல்லிக்கிடுதேன்."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது!

மத்தியானம் தூக்கம் இல்லை. கல்யாணச் செய்தி கல்லூரிக்கு எட்டிய அன்று அந்தத் துறைத்தலைவர் ஆசிரியர் அறையில் எல்லோரும் கேட்கச் சொன்னது: "சார்வாள் நடத்துன பாடம் வீட்டுக்கே வந்துட்டுல்லா!" சிரித்தவர்கள் ஒவ்வொருவர் முகமும் இன்னும் மனப்பாடம். அமெரிக்க வரலாறு, மூன்றாம் ஆண்டு, இருபத்திரண்டு வருடம் நடத்தினேன். உள்நாட்டுப் போரின் காரணங்கள், பத்து மதிப்பெண். அடிமை முறை ஒழிப்பு, ஐந்து.

பரணிலிருந்து பழைய குறிப்புகளை இறக்கிப் பார்த்தேன். தலைவர்கள் பெயர், தளபதிகள் பெயர், சட்டங்களின் பெயர். விற்கப்பட்டவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. தேர்வில் கேட்கமாட்டார்கள்.

தும்மல் நிற்கவில்லை. தூசி.

பிப்ரவரி 18, ஞாயிறு

நாள் முழுக்க லேசான காற்று. எதையும் செய்யவில்லை.

சாயந்தரம் அந்த ஊர். கண்ணாடியில் ஓர் ஆறு. நம் ஆறு மாதிரியே செம்மண் நிறம், கரையில் மரங்கள் குனிந்திருக்கின்றன. ஒரு கணம் ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே நிற்கிறோம் என்று நினைத்துவிட்டேன். பிறகு வெள்ளை உடுப்பில் ஒரு கூட்டம். நடுவில் ஜெரோம், மதியின் கணவன். கையில் சொம்பு மாதிரி ஒன்று. இடக்கையால் ஊற்றுகிறானே என்று முகம் சுளித்தேன். கண்ணாடி என்பது பிறகுதான் உறைத்தது.

ஒரு பெயர் சொல்லிக் கொஞ்சம் தண்ணீர். கூட்டம் ஒரே சொல்லில் ஆமோதிக்கிறது. அடுத்த பெயர், மறுபடி தண்ணீர். ஐசக். லூசி. ஹென்றி. ஹானா.

"என்னங்க பண்ணுதாங்க?"

"முன்னோருக்குத் தண்ணி விடுதாங்க."

"நம்மள மாதிரியா?"

"நம்மள மாதிரிதான்."

ஜெரோமின் அத்தை என்று ஒரு வயதான அம்மாள் பேசினார். ஹானாவின் தாய் கப்பலில் வந்தவள். அவளை விலைக்கு வாங்கியவர்கள் அவள் பெயரை எழுதிவைக்கவில்லை. ஆகவே எங்களுக்குத் தெரியாது என்றார். ஜெரோம் பேசாமல் ஊற்றினான். யாரும் எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.

முடிந்தது என்று நினைத்தேன். அவன் நிமிர்ந்து, "என் மனைவியின் குடும்பத்தார்" என்றான் ஆங்கிலத்தில். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கல் கல்லாகப் பார்த்து ஆற்றைக் கடக்கிறவன்போல:

"சிவன்... அணைந்த... பெருமாள்."

ஓர் எழுத்தையும் விழுங்கவில்லை. அத்தனை பேரும் ஆமோதித்தார்கள். அதற்குள் ஒரு குரல், படத்தில் தெரியாத குரல். மதி.

பேப்பர் தரையில் கிடந்தது. நான் ஹால் வாசலில் நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. கோமு திரும்பிப் பார்க்கவில்லை. சோபாவில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"மாமா பேரைச் சொல்லுதாரு" என்றாள். அவள் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை அந்தப் பெயரை.

"மறுபடி போடு" என்றேன்.

பிப்ரவரி 19, திங்கள்

பனி, கனமாக. பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டேன்.

"ஒங்க பெட்டியிலதான். ஸ்வெட்டருக்கு அடியில. நாலு நாளா இருக்கு."

ஆற்றுக்குப் போனேன். தண்ணீர் எது, பனி எது என்று பிரியவில்லை. இடுப்பளவில் நின்று, கையில் அள்ளி, முதலில் அப்பா. பிறகு ஐசக். லூசி. ஹென்றி. ஹானா. ஒவ்வொன்றும் பனிக்குள் போனது. அடுத்த கை தண்ணீர் கையிலேயே நின்றது. பிறகு, தாயே என்று விட்டேன்.

பக்கத்தில் இலைக்கடைச் சுடலை அண்ணாச்சி, தலை துவட்டிக்கொண்டு.

"அமாவாசை போயி பத்து நாளாச்சு. யாருக்குவே தண்ணி விடுதீரு?"

"சம்பந்தி வீட்டு ஆளுகளுக்கு."

"அப்படியா! எந்த ஊரு?"

"அவுகளும் ஆத்தங்கரைதான், அண்ணாச்சி."