பாப்பா வரைந்த இரண்டு நாடுகள்

ஐப்பசி 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கரும்புக்குத் தண்ணீர் வைக்க வேண்டியதில்லை. பாப்பா போய் நாற்பத்தொரு நாள். மூன்று நாள் காய்ச்சல். பத்தொன்பது வயது. இதற்கு மேல் எழுத வரவில்லை.

அவள் லேப்டாப்பை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறாள் அவள் அம்மா லட்சுமி. கண்ணில் படக் கூடாதாம். ஒரு வாரம் பொறு என்றேன். அந்த ஜப்பான் பொம்மைப் படம் அதில்தான் இருக்கிறது. சாப்பிடும்போதுகூட அதைப் பார்த்துச் சிரிப்பாள். "காலேஜ்ல ஹிஸ்டரி படிக்கிற பொண்ணு பாக்கறதாடி இது" என்று திட்டியிருக்கிறேன். "இதுவும் ஹிஸ்டரிதாம்பா. ஒக்காந்து பாரேன்" என்பாள்.

ஒரு நாளும் உட்காரவில்லை.

ஐப்பசி 5, புதன்

மழை இல்லை. உரக்கடை, ரேஷன், மாட்டுக்கு மருந்து. மூன்றும் முடிந்தது.

மத்தியானம் படத்தைப் போட்டேன். ஒரு பழைய லாட்ஜ். குடியிருப்பவர்கள் எல்லாம் நாடுகள், ஆளுக்கொரு நாட்டின் பேர். குளிக்கிற ரூமுக்குச் சண்டை. ஒருவன் இன்னொருவன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போகிறான், "உன் பாதுகாப்புக்காக" என்று சொல்லி. கீழே ஓடும் இங்கிலீஷைப் படிப்பதற்குள் மாறிவிடுகிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எந்த இடத்தில் சிரித்திருப்பாள் என்று தெரியவில்லை.

ஐப்பசி 7, வெள்ளி

பூரணாங்குப்பத்திலிருந்து சுகன்யா வந்தாள். பாப்பா கூடப் படித்தவள்; அவளை நிவேதா என்றுதான் சொல்வாள். காபி வேண்டாம் என்றாள். நான் கேட்டதும் பக்கத்தில் உட்கார்ந்து படத்துக்கு அர்த்தம் சொன்னாள்.

தொப்பிக்காரன் இங்கிலாந்து. சும்மா சும்மா கண்ணாடி பார்த்துத் தலை சீவுகிறவன் பிரான்ஸ். இருவரும் சண்டை போட்டு லாட்ஜ் முழுக்கச் சாக்பீஸால் கோடு கிழிக்கிறார்கள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போய்விடுகிறார்கள். மற்றவர்கள் மட்டும் கோட்டைத் தாண்டாமல் எட்டி எட்டிச் சோறு எடுக்கிறார்கள்.

"நம்ம ஊரு எல்ல மாரியே இருக்குல்லப்பா" என்றாள். "அவங்க ரெண்டு பேரும் பிரிச்சுக்கினதுதான். வரப்புக்கு இந்தாண்ட புதுச்சேரி, அந்தாண்ட கடலூர் மாவட்டம்."

என் கரும்புக் கொல்லை இந்தாண்டை. அண்ணன் கொல்லை அந்தாண்டை. சிரிப்பு வந்தது.

போகும்போது பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "இந்தப் படத்த வச்சு நிவேதா கிளாஸ்ல பேசினா. ஆடியில அதுக்கு வரைஞ்சது. ஒங்ககிட்ட குடுக்கலாமா வேணாமான்னு இத்தினி நாளா வச்சிருந்தேன்."

வரப்பின்மேல் இரண்டு பேர், முதுகோடு முதுகாக. பிரான்சுக்கு என் மீசை. இங்கிலாந்துக்கு அண்ணனின் வழுக்கை, கூடவே பெரிய தொப்பை. கீழே பாப்பாவின் கையெழுத்து: அந்த ரெண்டு பேரும் எப்பவோ ராசியாயிட்டாங்க. இந்த ரெண்டு பேரும் இன்னும் பேசல.

"கிளாஸே சிரிச்சுதுப்பா. அவ மட்டும் சிரிக்கல."

ஐப்பசி 8, சனி

வெயில். களை எடுக்க ஆள் வரவில்லை.

மடைத் தகராறில் அண்ணனோடு பேச்சு நின்று ஒன்பது வருடம். வில்லியனூர் தேருக்குப் பாப்பாவைத் தோளில் தூக்கிப் போனவன் அவன். பாப்பாவை எடுத்த அன்று தெருமுனையில் நின்றான். பார்த்தேன். கூப்பிடவில்லை.

லட்சுமியிடம் தாளைக் காட்டினேன். நெடுநேரம் வைத்திருந்தாள். "எடுத்துக்கினு போய்க் காட்டுங்க" என்றாள். அவ்வளவுதான். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஐப்பசி 9, ஞாயிறு

காலையில் போனேன். அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். "இன்னாடா" என்றான். தாளைக் கொடுத்தேன். அண்ணி மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்தாள். அண்ணன் மாட்டிக்கொண்டு பார்த்தான்.

"பாப்பாவா?"

"ஆமா."

"மீச ஒன்னுதுதான்." தாளைத் தள்ளிப் பிடித்து, "எனக்கு எப்படா இவ்ளோ தொப்ப?"

திண்ணையில் உட்கார்ந்தேன்.

"எப்ப வரைஞ்சா?"

"ஆடியில."

தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அன்னிக்கு நான் வந்தேன்டா. தெருவாண்ட நின்னேன். நீ பாத்த."

"பாத்தேன்."

"கூப்புடல."

"கூப்புடல."

மடையைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. அண்ணி இட்லி வைத்தாள். அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கிளம்பும்போதும் தாள் அவன் கையிலேயே இருந்தது. திருப்பிக் கேட்கவில்லை.