என் பங்கு முட்டை

மேல் கட்டிலில் படுப்பவளுக்கு,

அரியலூர் கபடித் தேர்வில் பாடிப் போன நான் பாதி மைதானத்திலேயே மயங்கி விழுந்தேன். நீ தேர்வாகிவிட்டாய். அதற்காக இதை எழுதவில்லை.

மறுநாள் நம் பெரம்பலூர் டாக்டரம்மா முதலில் கேட்டது, "மாசாமாசம் சரியா வருதாம்மா?" என்றுதான். பொங்கலுக்குப் பிறகு வரவில்லை என்றேன்.

"இந்த வயசுல பொம்பளப் புள்ளைக்கு ஒடம்புல கொழுப்பு இருந்தே ஆவணும். அதையும் கரைச்சுட்டா எலும்பும் கெட்டுப்போயிடும். போன மாசம் வந்த ஒன் ஹாஸ்டல் புள்ளைகிட்ட இதத்தான சொன்னேன்? கூட்டாளிகிட்டயும் சொல்லுன்னு அனுப்புனேனே!"

போன மாதம் அவரிடம் போய் வந்தவள் நீ மட்டும்தான்.

தொடை மெலிந்தால் வேகம் வரும் என்று ஹாஸ்டல் முட்டையை நாம் சேர்ந்துதானே விட்டோம்? டாக்டரம்மாவிடம் போய் வந்த மறுநாளே நீ மறுபடியும் தின்ன ஆரம்பித்தாய். "ஒன்னளவுக்கு எனக்கு வைராக்கியம் இல்லடி. ஒன்னோடதயும் குடு" என்றாய். நானும் பெருமையாக உன் தட்டில் எடுத்து வைத்தேன்.

தினமும் வைத்தேன்.

நாளை காலையில் என் பக்கத்தில் உட்காராதே. என் முட்டையை நானே தின்னப் போகிறேன்.

இப்படிக்கு,
கீழ்க் கட்டில்காரி