அறுபத்தொரு சிவப்பு அம்புகள்

நவ. 8, சனி

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. மாடி ரூமில் ஒழுகலுக்கு வாளி இரண்டு, குண்டான் ஒன்று.

ஷூ கம்பெனி ஸ்டோரில் கேட்டு ஒரு ரோல் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் வாங்கி வந்தேன். ஷூவின் மேல்தோலில் கீறல், சுருக்கம், தையல் விலகல், எது இருந்தாலும் இடத்தைக் காட்டி நாங்கள் ஒட்டுகிற அம்பு. விரல் நகம் அளவுதான். பத்தொன்பது வருஷமாகத் தோலில் ஒட்டினேன். இன்று சொந்த வீட்டில்.

புதன்கிழமை கன்ஸ்யூமர் கோர்ட் அனுப்புகிற இன்ஜினியர் வீட்டைப் பார்க்க வருகிறார். அவர் கண்ணுக்கு ஒன்றுகூடத் தப்பக் கூடாது. தப்பினால் வீட்டைக் கட்டிய கான்ட்ராக்டர் தனபாலுக்குக் கொண்டாட்டம். இனி அந்த ஆளை த. என்றே எழுதுவேன். முழுப் பெயர் எழுதினால் மை வீண்.

ஒட்டியவை:
ஹால் டைல்ஸ், தட்டினால் டொக் டொக். 9.
பாத்ரூம் தரை. தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகாமல் கதவுப் பக்கம் வருகிறது. 1. (பத்து ஒட்டினாலும் தகும்.)
கிச்சன் ஜன்னல், மூடினால் திறக்காது. 1.
மாடிப்படி, ஒன்றுபோல் ஒன்று உயரம் இல்லை. 14.
சுவர் விரிசல், மேலும் கீழும். 17.
மாடி ரூம் கூரை, கம்பி தெரிகிற இடங்கள். 19.
மொத்தம் 61.

வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னா நிர்மலா, வீட்டுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்குது?"

மாடி ரூம் மகள் நிஷாவுடையது. வேலூரில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டல். ரெண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து அந்தக் கட்டிலில்தான் தூங்குவாள். செப்டம்பரில் கூரை பெயர்ந்து விழுந்தது சரியாகத் தலையணை மேல். அந்த வாரம் அவளுக்குப் பரீட்சை, வரவில்லை. வந்திருந்தால்? விழுந்த துண்டு என் இரண்டு உள்ளங்கை அகலம். தூக்கி எறியவில்லை. ஷோகேஸில் அவள் வாங்கிய கேடயங்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் இது இன்னா என்று கேட்க வேண்டும். கேட்டால் சொல்வேன்.

எனக்கு வேண்டியது இரண்டு. அந்தக் கூரையை த.வே உடைத்து த.வே திரும்பப் போட வேண்டும். அப்புறம் அவர் ஆபீஸ் சுவரில் கண்ணாடி போட்டு, சீரியல் பல்பு சுற்றி மாட்டியிருக்கிறாரே அரசு லைசென்ஸ், அது இறங்க வேண்டும். இரண்டாவதை நினைத்தால்தான் எனக்குச் சோறே இறங்குகிறது.

நவ. 9, ஞாயிறு

வெயில். சர்ச். த. எங்களுக்கு இரண்டு பெஞ்ச் முன்னால், வெள்ளைச் சட்டை, கழுத்துப் பின்னால் பவுடர். ஜெபத்தில், தப்பு செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்கிற வரி வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வரியில் சேர்ந்துகொண்டேன். ஆண்டவருக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் பக்கத்தில் வந்து நின்றார்.

"எதுக்கு சிஸ்டர் கோர்ட்டு கச்சேரின்னு? ஒரே சபை நாம. நாலு ஆள அனுப்பி பூசிக் குடுத்துர்றேன்."

"பூசுறதுக்கு அது இன்னா மூஞ்சியா பிரதர்?"

"பதினாறு வருஷ லைசென்ஸ். இதுவரைக்கும் ஒரு கம்ப்ளைன்ட் கெடயாது."

"இப்ப இருக்குது."

சிரித்தார். அந்தச் சிரிப்புதான் பேஜார். "புதன்கிழமை நானும் ஒரு ஃபைல் எடுத்தாறேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

என்ன ஃபைல்? மதியம் முழுக்க அதே யோசனை. மட்டன் அடிப் பிடித்துவிட்டது.

குக்கர் கேஸ்கட் வாங்கணும். நிஷாவுக்குப் போர்வை.

நவ. 10, திங்கள்

மூட்டம், மழை இல்லை. கம்பெனியில் கஸ்தூரி மாட்டினாள். என் செக்கிங் டேபிளில் இருக்கிற பெண், கல்யாணமாகி எட்டு மாசம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கார்டு. ஷூவைப் பார்த்தவள் டிக் போட்டுத் தன் நம்பரை எழுத வேண்டும். இவள் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வரிசைப் பெட்டியைத் திறக்காமலே டிக் போட்டிருக்கிறாள். முதல் பெட்டியிலேயே தையல் பிரிந்த ஜோடி.

"பாக்காமயே போட்டியா?"

"மேடம், பஸ்ஸு ஹாரன் அட்ச்சிட்டான். அதான்..."

"ஹாரன் அட்ச்சா கண்ணு அவிஞ்சி போயிடுமா?"

நாற்பது பேர் முன்னால் கேட்டேன். அங்கேயே நூல் வெட்டுகிற பெஞ்சுக்கு மாற்றினேன். புதிதாகச் சேர்கிறவர்கள் உட்காரும் இடம் அது. அழுதாள். அழட்டும், பார்க்காமல் பாஸ் போடுகிறவர்களால்தான் கூரை தலையணையில் விழுகிறது.

சாயங்காலம் பஸ்ஸில் யோசித்தேன். அந்தத் திட்டில் பாதி த.வுக்குப் போக வேண்டியது.

நவ. 12, புதன்

லீவு. நல்ல வெயில், எனக்காகவே அடித்த மாதிரி. வீட்டைப் பெருக்கினேன், ஒரு அம்பும் உதிராமல்.

பத்தரைக்கு இன்ஜினியர். ஒல்லி, ஐம்பது இருக்கும், கையில் சின்னச் சுத்தியல். பின்னாலேயே த., அக்குளில் நீல ஃபைல்.

"இதெல்லாம் யாரும்மா ஒட்டினது?"

"நான்தான் சார். கம்பெனில செக்கிங்."

"எனக்கு வேல கம்மி பண்ணிட்டீங்க."

ஒவ்வொரு அம்பாகப் பார்த்தார், தட்டினார், எழுதினார். படியில் டேப் வைத்து அளந்தார். ஒவ்வொரு அம்புக்கும் த.வின் முகம் ஒரு சுற்றுச் சின்னதானது. நான் அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சந்தோஷமாக ஒரு காலை இந்த வீட்டில் போனதே இல்லை.

மாடி ரூம். கட்டில்மேல் ஏறி நின்று கூரையைச் சுரண்டினார். துரு கொட்டியது. கூரை போடும்போது கம்பி அடிப் பலகையைத் தொடக் கூடாதாம், நடுவில் சின்னச் சின்ன சிமெண்ட் கட்டை வைத்துத் தூக்கிவிட வேண்டுமாம். "ஒரு கட்ட கூட வெக்கல. கம்பிய அப்படியே பலக மேல படுக்க வெச்சி காங்கிரீட் கொட்டியிருக்காங்க. ஈரம் நேரா கம்பிக்குப் போவுது. இத பூசி மறைக்க முடியாதுப்பா, ஒடச்சிட்டுதான் போடணும்."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அப்போது த. ஃபைலைத் திறந்தார். நாலு சீட்டு, வீடு கட்டும்போது கட்டத்துக்கு ஒன்றாக. அஸ்திவாரக் கடக்கால், ஜன்னலுக்கு மேல் லிண்டல், கூரைக் கம்பி, பூச்சு. நாலிலும் ஒரே வரி: நேரில் பார்த்தேன், திருப்தி. கீழே ஒரு பக்கம் அவர் சீல், லைசென்ஸ் நம்பரோடு. மறுபக்கம் என் கையெழுத்து. அதற்கும் கீழே ஒரு வட்டம், வட்டத்துக்குள் 7.

ஏழு என் செக்கிங் நம்பர். யாரும் போடச் சொல்லவில்லை. நானாகப் போட்டது. அந்த ஆளுக்குத் தெரியட்டும், யார் வீட்டைக் கட்டுகிறோம் என்று. அந்தத் திமிர்.

"அம்மா ஒண்ணும் தெரியாதவங்க இல்ல சார். நாப்பது பேருக்கு மேல நிக்கிற செக்கிங் இன்சார்ஜ். பாத்துட்டுதான் போட்டாங்க."

மூன்று சீட்டுக்குப் பார்த்துத்தான் போட்டேன். கூரைக் கம்பிக்கு மட்டும்... ஞாபகம் வந்துவிட்டது. காலை ஆறே முக்கால், மெயின் ரோடு. கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கிறது. இவர் ஸ்கூட்டரில் வந்து, "கம்பி கட்டியாச்சு சிஸ்டர், காங்கிரீட் மிக்ஸர் வந்துடுச்சி, ஒரு கையெழுத்து" என்கிறார். ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்துப் போட்டேன். வீடு அங்கிருந்து இருநூறு அடி. ஏணியில் ஏறி ஒரு பார்வை பார்த்திருந்தால் கம்பி பலகைமேல் படுத்துக் கிடந்தது தெரிந்திருக்கும். ஊசித் துளை ஒரு மில்லி விலகினால் கண்டுபிடிக்கிறவள் நான்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

இன்ஜினியர் கேட்கிறார். பின்னால் நிற்கிற என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டுகிறார், இல்லைன்னு சொல்லு என்று. சொல்லியிருக்கலாம். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி, யாருடையது என்றும் சொல்லலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த ஏழு.

"என்னுதுதான் சார். ஆனா பாக்கல. பஸ்ஸு நின்னுட்டு இருந்தது."

த. முகத்தில் மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு. அதைப் பார்த்ததும் எனக்கு வந்ததே ஒரு வெறி. இடுப்பிலிருந்து ரோலை எடுத்தேன். ஒரு அம்பு கிழித்து என் ஏழின்மேல் ஒட்டினேன். இன்னொன்றை அவர் சீலின்மேல், சரியாக லைசென்ஸ் நம்பரில்.

"நான் பாக்காம போட்டேன். இவரு பாத்துட்டே போட்டாரு. ரெண்டையும் எழுதிக்கோங்க சார்."

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்டுக்காரங்க கையெழுத்து போட்டா கம்பி தானா மேல ஏறிக்காது தனபால். கட்டுறவன் பொறுப்பு கட்டுறவனுக்குத்தான். இந்த ரிப்போர்ட்டு போச்சுன்னா லைசென்ஸ் கொடுத்தவங்க கூப்பிட்டுக் கேப்பாங்க."

த. வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். ரொம்ப உயரமான அந்த நாலாவது படியில்.

நவ. 13, வியாழன்

மழை. வீட்டுக்காரரும் நானும் நேற்றிலிருந்து ஒரே சண்டை. த. ஆள் அனுப்பிவிட்டார்: கூரையை முழுசாக உடைத்துப் போட்டுத் தருகிறேன், மற்ற அம்புகளையும் ஒவ்வொன்றாகச் சரி பண்ணுகிறேன், லைசென்ஸ் விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்காரர்: "கூர வேணுமா, அந்தாளு லைசென்ஸ் ஃப்ரேம் வேணுமா? நிஷா எங்க தூங்குவா?"

ஃப்ரேம்தான் வேணும் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. என் கையெழுத்து அந்தச் சீட்டில் இல்லாதிருந்தால் இரண்டையும் வாங்கியிருப்பேன்; இப்போது அதைக் காட்டியே த. கேஸை வருஷக்கணக்கில் இழுப்பார். அதுதான் எரிகிறது.

கடைசியில் என் நிபந்தனைகள், இன்ஜினியர் முன்னால் எழுதி வாங்கியது:
கூரையைத் தாங்குகிற முட்டுக்கட்டைகளைக் காங்கிரீட் போட்டு 21 நாளுக்கு முன் ஒன்றுகூட எடுக்கக் கூடாது.
ஒவ்வொரு கட்டமும் இன்ஜினியர் ஒரு தடவை, நான் ஒரு தடவை பார்க்க வேண்டும். கையெழுத்து அந்த இடத்தில், பார்த்த பிறகு.
ஒன்று மீறினாலும் லைசென்ஸ் புகார் மறுநாளே போகும்.

ஃப்ரேம் சுவரிலேயே இருக்கட்டும். ஆணி என் கையில்.

கம்பெனியில் கஸ்தூரியைக் கூப்பிட்டேன். நாற்பது பேர் முன்னால்தானே திட்டினேன். அவர்கள் முன்னாலேயே சொன்னேன், நானும் ஒரு தடவை பஸ் ஹாரனுக்குப் பயந்து பார்க்காமல் போட்டவள் என்று. கஸ்தூரி உடனே வாயைத் திறந்தாள்.

"அப்ப உங்களையும் நூல் வெட்ட அனுப்புவாங்களா மேடம்?"

சாப்பாட்டு நேரம் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து நூல் வெட்டினேன். பெஞ்ச் அவ்வளவு தாழ்வு, முதுகு போச்சு. நாளையிலிருந்து அவள் பழைய டேபிளுக்கு. இன்னொரு தடவை மூடின பெட்டிக்கு டிக் போட்டால் நேரே வீட்டுக்கு என்றும் சொல்லி வைத்தேன். தலையாட்டினாள்.

நவ. 24, திங்கள்

அரை நாள் லீவு. கூரை உடைக்கிறார்கள். வீடு முழுக்கப் புழுதி, சாம்பாரில்கூட. பக்கத்து வீட்டுக்காரம்மா சத்தம் ஜாஸ்தி என்று முனகினாள். எனக்குக் காதுக்கு அவ்வளவு இதம், ரேடியோகூடப் போடவில்லை.

த. வெயிலில் நின்று மேற்பார்வை. தண்ணி கேட்டார். கொடுத்தேன். ஷோகேஸ் பக்கத்தில் இருக்கிற நாற்காலியில் உட்கார வைத்துத்தான் கொடுத்தேன். அந்தத் துண்டைப் பார்த்தார், தெரியாத மாதிரி குடித்தார்.

நிஷா போன். "கட்டில் பத்திரமாம்மா?" பத்திரம். ஹாலுக்கு இறக்கி மேலே பிளாஸ்டிக் போட்டிருக்கிறேன்.

டிச. 6, சனி

விடியும்போதே கருமேகம். இன்று காங்கிரீட். இன்ஜினியர் நேற்றுச் சாயங்காலமே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். பாக்கி நான்.

ஆறரைக்கு மிக்ஸர் வந்துவிட்டது. எட்டு ஆள். த. வெள்ளைச் சட்டையில், நேராக யார் வீட்டு விசேஷத்துக்கோ போகிறவர்போல. கையில் சீட்டு, பேனா மூடி திறந்தே இருக்கிறது.

"சிஸ்டர், மழ வர்ற மாதிரி இருக்குது. மிக்ஸரு வேற ஓடுது. ஒரு கையெழுத்து."

ஆறே முக்கால். மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன். ஒரு தடவை. இரண்டு தடவை. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், த. என்னைப் பார்த்தார். பஸ் போய்விட்டது.

"ஏணி" என்றேன்.

"இன்னா சிஸ்டர்?"

"ஏணி கொண்டாரச் சொல்லுங்க. ஆடும். நீங்களே புடிங்க."

பிடித்தார். இரண்டு கையாலும். நான் புடவையைச் செருகிக்கொண்டு ஏறினேன். ஏணியில் ஒட்டியிருந்த பழைய சிமெண்ட் தூள் அவர் சட்டையில் கொட்டியது, சொல்லவில்லை. மேலே பலகை, பலகைக்கு மேல் கம்பி, நடுவில் சின்னச் சின்னக் கட்டை. ஒவ்வொரு கட்டையையும் விரலால் தொட்டேன். எண்ணிக்கொண்டே தொட்டேன். கீழே மிக்ஸர் ஓடுகிறது, ஆட்கள் பீடியை அணைத்துவிட்டு அண்ணாந்து நிற்கிறார்கள். முதல் துளி என் முதுகில்.

கிழக்கு மூலையில் இரண்டு இடம் காலி. யார் காலாவது இடித்துத் தள்ளியிருக்கும். சரியாக நிஷாவின் கட்டிலுக்கு மேலே வருகிற மூலை. இரண்டு அம்பு ஒட்டினேன்.

"சிஸ்டர், ரெண்டு கட்டதானே? நான் வெச்சிட்றேன், நீங்க எறங்கி கையெழுத்து போட்ருங்க."

இறங்கவில்லை. ஒரு ஆள் மறுபக்கம் ஏறி இரண்டு கட்டையும் வைத்தான். அம்பை உரித்தேன்.

"ஆச்சா சிஸ்டர்?"

"நடுவுல பேசுனீங்களா, கணக்கு வுட்டுப் போச்சு. புடிச்சிக்கோங்க பிரதர்."

மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.