யாரும் முறுக்காத ஸ்க்ரூ

தியாகராய நகர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி சக்திவேலுக்கு,

அக்கா தாரணி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அந்த மலை முகாமின் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் வீட்டில் காலையும் மாலையும் பேச்சு. போன் எடுக்காத இடமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்துகொண்டு என்னைப் பேனா பிடிக்க வைத்துவிட்டாய். கையெழுத்தைக் கிண்டல் செய்யாதே.

தீபாவளி நெருங்கிவிட்டது. ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமில்லை. அப்பா மதியச் சாப்பாட்டைக்கூட நம் கடையிலேயே நின்றுகொண்டு முடிக்கிறார். அம்மா தூத்துக்குடியில் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்துத் திரும்பினாள். அதுவரை சமையல் நான்தான். அப்பா இளைத்துவிட்டார்.

புதுத் துப்பாக்கி வரப்போகிறது, பழையது அடிக்கடி மக்கர் செய்கிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. கிண்டியில் எங்கள் பட்டறை துப்பாக்கிக்குப் பாகம் செய்வது உனக்குத் தெரியும். யாருக்குப் போகிறது என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். உன் முகாமுக்கு வருவது அதுவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நான் இருக்கும் என்றே வைத்துக்கொண்டேன்.

குழலின் மேல் ஒரு சிறு துளை இருக்கும். குண்டு போகும்போது கொஞ்சம் புகை அதன் வழியே பின்னால் போய் அடுத்த குண்டை ஏற்றும். அந்தத் துளையின் மேல் உட்காரும் இரும்புத் துண்டுதான் கேஸ் பிளாக். அது கொஞ்சம் நகர்ந்தாலும் துளை மறைந்துவிடும், அடுத்த குண்டு ஏறாது. உனக்கே தெரிந்ததை உனக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். அதை ஸ்க்ரூ வைத்தும் இறுக்கலாம், குழலோடு சேர்த்துத் துளைபோட்டு, ‘பின்’ என்கிற இரும்பு ஆணியை அடித்தும் பொருத்தலாம். ஸ்க்ரூ சீக்கிரம் முடியும் வேலை. மாதக்கணக்கில் சுட்டுப் பார்த்தோம், அசையவே இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம். நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் நம் வீட்டுக் குக்கரின் கைப்பிடி ஆட ஆரம்பித்தது. நான் பிறந்ததிலிருந்து ஆடாத கைப்பிடி! தூத்துக்குடியிலிருந்த அம்மாவுக்கு போன் செய்து புலம்பினேன். 'வாரா வாரம் தேய்க்கும்போது நான்தான முறுக்கி வைக்கேன், நீ எங்க பார்த்த' என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சூடாகி ஆறி, சூடாகி ஆறித்தானே கைப்பிடி கழன்றது? துப்பாக்கிக் குழலும் அப்படித்தானே? மறுநாள் முதல் வேலையாக ஷஃபியுல்லா பாயிடம் போனேன். சுடும் களத்துக்குத் துப்பாக்கிகளைக் கொண்டுபோய்ச் சோதிப்பவர் அவர். நடுவில் ஸ்க்ரூவைத் தொடுவீர்களா என்று கேட்டேன். 'பின்ன இன்னாமா, டீ குட்சிட்டு வந்து ஒரு முறுக்கு முறுக்கிட்டுதான் திரும்பச் சுடுவோம். அப்டியே லூசா வுட்டுட முடியுமா?' என்றார். பாவம், அக்கறையாகச் செய்த காரியம். அத்தனை மாதமும் ஸ்க்ரூ நிற்கவில்லை, பாயின் கைதான் நின்றிருக்கிறது.

ஸ்க்ரூவின் தலையையும் இரும்புத் துண்டையும் சேர்த்துச் சிவப்பு வண்ணத்தில் ஒரு கோடு போட்டேன். பின் அடித்த துப்பாக்கி ஒன்றையும் பக்கத்தில் வைத்து, இம்முறை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பாய் இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு தவித்தார். சில நாளிலேயே கோடு இரண்டாக விலகியது. அப்புறம் துப்பாக்கி நடுவிலேயே நின்றுபோனது. பின் அடித்தது இன்றுவரை அசையவில்லை.

முதலாளி கருணாகரன் அண்ணாச்சி குதித்தார். பின் அடித்தால் நாளாகும், துளை தவறினால் குழலே வீண், அப்புறம் கழற்றவும் முடியாது என்றார். கழற்ற முடியாததுதான் வேண்டும் என்றேன். 'கையில வச்சிருக்கவன் முறுக்கிக்கிட மாட்டானா?' என்று கேட்டாரே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. யார், நீயா? உன் பைக் கண்ணாடி பாண்டி பஜாரில் தொங்க ஆரம்பித்தால் சைதாப்பேட்டை தாண்டியும் தொங்கிக்கொண்டே வரும். விரல் மரத்துப்போகும் குளிரில், எதிரில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத நேரத்தில், நீ ஸ்க்ரூ தேடுவாயா?

ஸ்க்ரூவுக்கு என் கையெழுத்து கிடையாது, வேலை போனாலும் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அண்ணாச்சி கடைக்கே வந்து அப்பாவிடம் முறையிட்டார். அப்பா அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து, 'அவ சொன்னா சொன்னதுதான், நான் சொல்லிப் பார்த்து ஓய்ஞ்சவன்' என்றாராம். நேற்று சாயங்காலம் அண்ணாச்சி இறங்கிவந்தார். பின்தான் அடிக்கப்போகிறோம்.

ஆனால் இதனால் எல்லாம் தள்ளிப்போகிறது. பொங்கலுக்குள் வர வேண்டியது சித்திரையில்தான் வரும். அதுவரை உன் கையில் அந்த மக்கர் பண்ணும் பழையதுதான். அதற்குக் காரணம் உன் அக்காதான். வேறு யாரையும் திட்டாதே. நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சாமி விளக்கில் உனக்கென்று தினமும் ஒரு திரி கூடுதலாக ஏற்றுகிறேன்.

அதனால் சித்திரை வரைக்கும் பத்திரமாக இருடா, ராஜா. பழையதைத் தினமும் துடை. முன்னால் போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் சொல்கிறேன். நூறு வருஷம் நன்றாக இரு. கோபமாகவாவது ஒரு வரி எழுதிப் போடு.

உன் அக்கா,
தாரணி