கடத்தின் முறை வந்தபோது

ஏனுங்க,

போனில் நம் மதன் பேரைச் சொன்னாலே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். அவன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் போர் போடப் போகிறேன் என்று ரிக் வண்டி ஏறினவர், மூன்று மாதமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவன் கூட்டாளிகள் மூன்று பேர் சேலத்தில் கச்சேரி வாசித்தார்கள். என்னையும் கூட்டிப் போனார்கள். சின்ன அறை, நாற்பது பேர், மைக் இல்லை, பாட்டும் இல்லை. மிருதங்கம், கஞ்சிரா, மோர்சிங் மட்டும் மாற்றி மாற்றி வாசித்தார்கள். மதனின் கடத்துக்கு முறை வந்ததும் மூவரும் நிறுத்திவிட்டு, தொடையில் சத்தமில்லாமல் தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கச்சேரி முடிந்தது என்று சனம் கைதட்டிவிட்டது. "இல்லீங்க, இது எம்பையன் வாசிக்கிற எடமுங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு கஞ்சிரா வாசிக்கும் யுவஸ்ரீ வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, சனத்துக்குப் புரியமாட்டேங்குதுங்க. கடத்துக்கு வேற ஆள உக்கார வெக்கட்டுங்களா? நீங்க வேண்டாம்னா வெக்கலீங்க."

அழுதுகொண்டே கேட்டாள். "வெச்சுக்க சாமி" என்று சொல்லிவிட்டேன்.

அதிலிருந்து சோறு இறங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் அவளுக்குப் போன் போடுகிறேன். அந்தப் பிள்ளை குரல் கேட்டதும் "சாப்புட்டயா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். நீங்களாவது வேண்டாம் என்று சொல்லுங்கள். சொல்லி என்ன, அவனா வந்து வாசிக்கப் போகிறான்?

நீங்களாவது வாருங்கள்.

வீட்டில் தனி ஒருத்தியாக இருக்கும்
உங்கள் வீட்டுக்காரி