சாமிக்காகச் சேர்ந்திருந்தோம்

செப்டம்பர் 1, செவ்வாய்

பல் கிளினிக் திறக்கும்போதே நினைவுக் குழுச் செயலர் வாசலில் நின்றிருந்தார். ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. பல்வலியோடு வந்த மனிதர், பையிலிருந்து முதலில் எடுத்தது அழைப்பிதழைத்தான்.

எங்கள் பங்குச் சாமியார், எல்லாருக்கும் வெறும் சாமி, இறந்து பத்து வருஷம் ஆகிறது. இருபத்தேழாந் தேதி நினைவுக் கூட்டம், இந்த முறை பெரிய அளவில் நடக்கிறதாம். எங்கள் கத்தோலிக்க ஆயர் வருகிறார். என் வீட்டுக்காரர் குடும்பத்துச் சீர்திருத்த சபையின் மூத்த போதகரும் வருகிறார். மேடையில் இருவருக்கும் நடுவே, வழக்கம்போல நானும் இவரும். இரண்டு சபைக்கும் இடையில் சாமி முடித்துவைத்த முதல் கல்யாணம் எங்களுடையது.

"நீங்க ரெண்டு பேரும் இல்லாம கூட்டமே இல்லம்மா. சாமி கட்டின கோயிலே நீங்கதான்."

கோயில் எழுந்து எங்கேயாவது போக முடியுமா? "வர்றோம் சார்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அப்புறம் டாக்டருக்குக் கையுறை எடுத்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 2

இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "சரி" என்றார். இந்த வாரம் என்னிடம் பேசிய இரண்டாவது வார்த்தை. முதலாவது, "சாவி".

செப்டம்பர் 6, ஞாயிறு

நான் பூசைக்குப் போனேன். இவர் சபைக்குப் போனார். திரும்பி வந்து அவரவர் தட்டில் அவரவர் போட்டுச் சாப்பிட்டோம். பிறகு இவர் முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் போன் இவருக்குத்தான் வரும். உடனே ஓடுவார். நான் யாருக்குப் போன் பண்ணுவது?

அக்காவுக்குப் பண்ணினேன். அவளோடு வந்து இருக்கட்டுமா என்று கேட்டேன்.

"மாடி ரூம் காலியாத்தான் கிடக்கு. இங்க பல் ஆஸ்பத்திரியில ஆள் தேடறாங்க. மாசக் கடைசிக்குள்ள சொல்லு. இல்லன்னா வாடகைக்கு விட்டுடுவேன்டி, எனக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கு." குரலைத் தாழ்த்தி, "அடிக்கிறாரா?" என்றாள்.

"இல்லக்கா."

"குடிக்கிறாரா?"

"இல்லக்கா."

"பின்ன என்னதான் பண்றாரு?"

ஒன்றுமே பண்ணவில்லை என்பதுதான் என் குறை. இதை எந்த அக்காவுக்குப் புரியவைக்க?

கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சண்டையே போட்டதில்லை. போட எங்களுக்கு உரிமை இல்லை. நான் குரலை உயர்த்தினால் கத்தோலிக்கச்சியின் திமிர். இவர் உயர்த்தினால், சபைக்காரனைக் கட்டினால் இப்படித்தான். பிள்ளை பிறக்கவில்லை. எந்தச் சபையில் ஞானஸ்நானம் என்ற கேள்வி எழாமல் போனதில் இரண்டு குடும்பத்துக்கும் உள்ளூர நிம்மதி, அது எனக்குத் தெரியும். அந்த நிம்மதியைக்கூட யாரிடமும் கோபித்துக்கொள்ள முடியவில்லை. மரியாதையாகவே இருந்து இருந்து, ஒருவருக்கொருவர் விருந்தாளி ஆகிவிட்டோம்.

வருஷத்தில் ஒரு நாள், அந்த மேடையில், போட்டோவுக்காக இவர் என் கையைப் பிடிப்பார்.

செப்டம்பர் 8

நான் போய்விட்டால் என்ன சொல்வார்கள்? "பாத்தீங்களா, ஒட்டாதுன்னு அன்னிக்கே சொன்னோமே!" சாமி ஆயுசு முழுக்க அலைந்தது ஒரே நாளில் பாழாய்ப் போகும்.

என்ன அலைச்சல்! ஆள் குள்ளம், குரல் மட்டும் ஆளை விடப் பெரிசு. பாட்டு சுத்தமாக வராது. ஆனாலும் சபைக்காரர்களின் பாட்டுகளாகப் பார்த்துப் பொறுக்கி, அவர்கள் தெருவில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அபஸ்வரமாகப் பாடுவார். கேட்டால், "நான் தப்பாப் பாடினாத்தான் அவங்க வெளிய வந்து திருத்துவாங்க" என்பார். வந்தார்களே! முதலில் வந்து திருத்தியவர் என் மாமனார்தான். அதுவரை சாமியைக் கேட்டுக்குள் விடாதவர்.

அப்புறம் பள்ளிக்கூட ஹாலில் மாதக் கூட்டம். திட்டு முதலில், ஜெபம் அப்புறம். இது சாமி வைத்த சட்டம். ஒரு பக்கத்து ஆள் எழுந்து மற்றப் பக்கத்தின் மேல் உள்ள குறையைச் சொல்ல வேண்டும். கேட்டவர் பதில் பேசக் கூடாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "ஆமா, அதான்" என்று ஒப்புக்கொள்ளும் வரை டீ வராது. "எங்க மாதாவை உங்க ஆளுங்க வாய்க்கு வந்தபடி பேசினாங்க" என்று அம்மா சொன்னதைத் திருப்பிச் சொல்வதற்குள் மாமனாருக்கு வேர்த்துவிட்டது. அன்று டீ ஆறிப்போய்த்தான் குடித்தார்கள். ஆனால் கல்யாணத் தேதி அன்றுதான் குறித்தார்கள்.

சாமி போனதோடு அந்தச் சட்டமும் போயிற்று. இப்போது கூட்டத்தில் பேச்சு, கைதட்டல், பிரியாணிக்கு வரிசை.

செப்டம்பர் 10

கிளினிக் எதிர்ச் சுவரில் போஸ்டர். சாமி மேலே, எங்கள் கல்யாணப் போட்டோ கீழே. நாள் முழுக்க என்னையே நான் பார்த்துக்கொண்டு வேலை செய்தேன்.

செப்டம்பர் 12, சனி

சொல்லிவிட்டேன். வாயில் பஞ்சு அடைத்திருந்த ஆளிடம்!

செயலருக்கு வேர் சிகிச்சை. மரத்துப்போக ஊசி போட்டு, பஞ்சு வைத்து, எச்சில் உறிஞ்சும் குழாயை என் கையில் கொடுத்துவிட்டு டாக்டர் போன் பேச வெளியே போனார். எனக்கு என்ன வந்ததோ. "சார், நானும் அவரும் புருஷன் பொண்டாட்டியா இல்ல. வேற வேற ரூம். நான் அக்கா வீட்டுக்குப் போகலாம்னு இருக்கேன்" என்றேன். அவர் கண் இரண்டும் கோலிக்குண்டு போல ஆயிற்று. "ஆ... ஆ..." என்றார். குழாயை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சொன்னேன்.

கொப்பளித்து முடித்ததும், கோணிய வாயோடு, "இருபத்தேழாந் தேதி வரைக்கும் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருங்கம்மா. சாமி பேருக்காக" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு! அதுவும் என்னிடம்!

செப்டம்பர் 13, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. சாமி மேலேயே கோபம் வந்தது. வரக் கூடாதா என்ன? எல்லாரையும் திட்ட வெச்சீங்களே சாமி, எங்க ரெண்டு பேரை மட்டும் ஏன் சிரிக்க வெச்சீங்க? தாலியில மஞ்சள் ஈரம் காயறதுக்குள்ள ஊர் ஊராக் கூட்டிட்டுப் போய் மேடையில நிறுத்தினீங்களே. "இவங்களைப் பாருங்க, இவங்களைப் பாருங்க." எங்ககிட்ட என்ன குறைன்னு ஒரு நாள் கேட்டீங்களா? உங்களுக்கும் நாங்க நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சாப் போதும், இல்ல?

எழுதியதும் பயமாக இருக்கிறது. செத்தவரை, அதுவும் அப்படிப்பட்ட மனிதரை. ஆனால் எழுதியதை அடிக்க மாட்டேன். இருக்கட்டும்.

செப்டம்பர் 20, ஞாயிறு

இன்று எங்கள் வீட்டில் சண்டை!

மாலையில் இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே, இப்போதே எதற்கு என்று கேட்டேன். "கையைப் புடிக்கணுமே, சட்டையாவது நல்லா இருக்கட்டும்" என்றார்.

"வருஷத்துக்கு ஒரு தடவை புடிக்கிற கை எனக்கு வேணாம்!"

"எனக்கு மட்டும் வேணுமா?" என்று கத்தினார். இவர் கத்துவார் என்றே எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு யார் என்ன பேசினோம் என்று வரிசையாக எழுத முடியாது. என் சமையலில் உப்பு குறைவு என்பதை இத்தனை வருஷமாக விழுங்கிக்கொண்டிருந்தாராம். மாமியார் அடக்க ஆராதனையில் என்னைப் பின்வரிசையில் உட்காரவைத்ததை நான் விழுங்கியிருந்தேன். எல்லாம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "ஏதும் பிரச்சினையா?" என்றார். இரண்டு பேரும் ஒரே குரலில், "ஒண்ணுமில்ல!" என்றோம்.

அவர் போனதும் சிரிப்பு வந்துவிட்டது. இவருக்கும்தான்.

சட்டை கருகியிருந்தது. இவர் தரையில் உட்கார்ந்தார். "லிஃப்ட்ல மாட்டினவங்க கத்துற வரைக்கும் எனக்குப் பயமில்ல. சத்தம் நின்னுடுச்சின்னாதான் பயம். இங்க எப்பவோ நின்னுடுச்சு."

"தெரிஞ்சுமா இருந்தீங்க?"

"நீ சாமிக்காக இருக்கன்னு நினைச்சேன். நான் போயிட்டா நீ அவருக்கு என்ன பதில் சொல்லுவ? அதான் இருந்தேன்."

நானும் அதற்காகத்தானே இருந்தேன். செத்துப்போன ஒரு மனிதருக்காக இரண்டு பேர் இரண்டு அறையில்.

"அக்கா வீட்டுக்குப் போறியா?" என்றார். போனில் பேசியது முன்னறைக்குக் கேட்டிருக்கிறது. தலையாட்டினேன். அழுகை வந்தது. அவர் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் நன்றாயிருக்குமோ என்று ஒரு நொடி தோன்றியதையும் எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 22

அக்காவிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். "ஜன்னல் கதவு சரியில்ல, அப்புறம் என்னைக் குறை சொல்லாத" என்றாள்.

செப்டம்பர் 27, ஞாயிறு

மேடைக்குப் போகவே வேண்டாம் என்றேன் நான். போகாவிட்டால் புரளி பேசுவார்கள், போய்ச் சொல்லிவிடலாம் என்றார் இவர். போனோம். எங்களை அறிமுகப்படுத்திக் கைதட்டச் சொன்னார்கள். தட்டி முடிந்ததும் இவர் மைக்கை வாங்கினார். பேசியே பழக்கமில்லாத மனிதர்.

"சாமி எங்களைச் சேர்த்து வெச்சாரு. அது நிஜம். நாளைக்கு நாங்க பிரியறோம். அதுவும் நிஜம். இதுக்கு இவங்க கோயிலும் காரணமில்ல, எங்க சபையும் காரணமில்ல. நாங்க எங்களுக்குள்ள பேசிக்கல. அவ்வளவுதான். தப்பு எங்களோடது, சாமியோடது இல்ல. அடுத்த வருஷம் போஸ்டர்ல எங்க போட்டோவைப் போடாதீங்க."

செயலர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார், இப்போது வீக்கமில்லாத கன்னத்தை. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மூத்த போதகர் எழுந்தார். எழுதி வைத்திருந்த பேச்சை மடித்துப் பையில் போட்டார். ஆயரைப் பார்த்து, "போன வருஷம் எங்க ஆள் ஒருத்தரை அவர் பொண்டாட்டி பக்கத்துல புதைக்க உங்க கல்லறைத் தோட்டத்துல இடம் கேட்டோம். நீங்க குடுக்கல" என்றார்.

ஆயர் முகம் சிவந்தது. பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தார். முன்வரிசையில் மாதக் கூட்டத்துப் பழைய ஆட்கள் சிலர் கையை உயர்த்தித் தடுத்தார்கள். கடைசியில் ஆயர், "பொண்டாட்டி பக்கத்துல இடம் கேட்டீங்க. நாங்க குடுக்கல" என்றார்.

"ஆமா, அதான்" என்று போதகர் உட்கார்ந்தார்.

அதற்குள் இன்னொருவர் எழுந்தார். நாங்கள் இருவரும் இறங்கிப் பின்பக்கமாக வெளியே வந்தோம். யாரும் கவனிக்கவில்லை.

அக்டோபர் 11, ஞாயிறு

இங்கே கோயிலில் யாருக்கும் என்னைத் தெரியாது. பின்வரிசையில் உட்கார்ந்தேன். சாமியின் ஆத்துமாவுக்காக வேண்டிக்கொண்டேன். வேறு எதுவும் அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

இவர் போன் பண்ணி, கேஸ் சிலிண்டர் பதிவு பண்ணும் நம்பர் கேட்டார். கொடுத்தேன். ஜன்னலைப் பற்றிச் சொன்னேன். கீல் மாற்ற வேண்டும் என்றார்.

மத்தியானம் துணி காயப்போடும் கயிற்றுக்காக எனக்கும் அக்காவுக்கும் சண்டை. நல்ல சண்டை, தெருவுக்கே கேட்டிருக்கும். அக்கா மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். சாயங்காலம் அவளே காபியைக் கொண்டுவந்து மாடிப்படியில் வைத்துவிட்டு, "ஆறிடும், குடிச்சித் தொலை" என்று கத்தினாள்.