ஆட்டுக் கதை கேசட்டைப் பற்றி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் நலம், என் இடது முழங்கால் மட்டும் கிருபைக்குக் கொஞ்சம் வெளியே நிற்கிறது. நீயும் மாப்பிள்ளையும், இன்னும் இரண்டு மாதத்தில் வரப்போகிற சின்ன ஆளும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையில் அம்மாவும் மாலையில் நானுமாகப் பங்கு பிரித்து ஜெபிக்கிறோம். என் பங்கு நேரத்தில் நான் தூங்கிவிடுகிறேன் என்று உன் அம்மா சொன்னால் நம்பாதே, நம்பினாலும் மாப்பிள்ளையிடம் சொல்லாதே. போன வாரம் நீ போனில் பேசும்போது, ஜெயிலில் இருந்து நான் உனக்கு அனுப்பிய ஆட்டுக் கதை கேசட்டை அனுப்பி வையுங்க, பாப்பாவுக்குப் போட்டுக் காட்டணும், உங்க குரலைக் கேட்டுக்கேட்டுத்தான் நான் சோறு தின்னேன் என்று சொன்னாய். நான் உடனே லைன் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை பின்னால் தும்மியதுகூடக் கேட்டது. விஷயம் என்னவென்றால், அந்தக் கேசட்டில் இருப்பது என் குரல் இல்லை. இதை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன். உனக்கு அப்போது நாலு வயது, எதுவும் சரியாக ஞாபகம் இருக்காது. நான் ரொட்டி வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன், பட்டப்பகலில் குடித்துவிட்டு ஒரு தையல் கடைக்குள் வேனை விட்டேன், தையல்காரர் கால் முறிந்தது, எனக்கு இரண்டு வருடம் நாலு மாதம் கிடைத்தது. அந்தத் தையல்காரர் இன்றைக்கும் என் சட்டையைத் தைக்க மாட்டேன் என்கிறார், அது அவர் உரிமை, நானும் வருடத்துக்கு ஒரு தடவை துணியோடு போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன். உள்ளே போன புதிதில் வேத வகுப்பில் சேர்ந்தேன். ஏன் சேர்ந்தேன் என்று சபையில் சாட்சி சொல்லும்போதெல்லாம் ஆண்டவர் என்னைத் தொட்டார் என்று சொல்வேன். முதலில் தொட்டது மின்விசிறிக் காற்று. அந்தக் கட்டடத்திலேயே ஜெபக்கூடத்தில் மட்டும்தான் விசிறி உண்டு. விசிறிக்கு நேர் கீழே உள்ள பெஞ்சில் இடம் பிடிக்க நாங்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, இவ்வளவு ஆத்தும தாகமா என்று புதிதாக வந்த போதகர் கண் கலங்கினாராம்.

வகுப்பு எடுத்தது சிஸ்டர். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊசி போடுகிற கையாலேயே பாடமும் நடத்துவார். வலிக்காது என்று சொல்லிவிட்டு நன்றாக வலிக்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்பார். எனக்கு அப்போது கடைப் பலகையும் ரொட்டிப் பொட்டலமும் படிக்கத் தெரியும், அதற்கு மேல் ஒரு பக்கம் முழுசாகப் படிக்க வராது. கோடிட்ட இடத்தை நிரப்புகிற பாடத்தாள்களைப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத்தான் எழுதினேன், தொண்ணூற்று நாலு மதிப்பெண் வாங்கினேன், அந்தச் சான்றிதழ்தான் நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது, இன்றைக்கு ஒப்புக்கொள்கிற நாள் என்பதால் அதையும் சேர்த்துக்கொள். சிஸ்டர் எப்போதும் பச்சை மையில்தான் திருத்துவார், சிவப்பு மையைப் பார்த்தால் உங்களுக்குக் கோர்ட் ஞாபகம் வரும்பா என்பார். அந்தப் பச்சை மையையும் பினாயில் போட்டுத் துடைத்த தரையின் வாசனையையும் நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. ஜெயிலை நினைத்து ஏங்குகிற ஒரே கிறுக்கன் நீங்கள்தான் என்கிறாள் உன் அம்மா.

புதன்கிழமை குடிகாரர்கள் வட்டம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, கரும்பலகை துடைக்கிற கட்டையை ஒருவர் கையில் கொடுப்பார்கள், கட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம், மற்றவர்கள் புத்தி சொல்லக் கூடாது. முதல் நாள் கட்டை என் கைக்கு வந்ததும் சாக்பீஸ் தூளில் நாலு தும்மல் தும்மிவிட்டு, நான் குடித்ததற்கு முதலாளி, வெயில், உன் அம்மாவின் வாய், உன் மாமாவின் வாய் என்று வரிசையாகக் காரணம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சிஸ்டர், எல்லாரும் வந்துட்டாங்க, இதுல நீ எங்கப்பா இருந்தே என்றார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல ஏழு புதன்கிழமை ஆனது. அதே சமயம் வெளியே சனிக்கிழமைகளில் சபையின் பின் கூடத்தில் எங்கள் குடும்பங்களுக்கு வகுப்பு நடந்தது. நீ அங்கே வண்ணம் தீட்டுவாய், உன் அம்மா பாடம் படிப்பாள். ஒரு மாதம் கழித்து என்னைப் பார்க்க வந்தவள் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, சுகமா என்றுகூடக் கேட்காமல், நீங்க குடிச்சதுக்கு நான் காரணம் இல்லையாம் என்றாள். யார் சொன்னது என்றேன். சிஸ்டர் சொன்னாங்க, எழுதியும் வச்சிருக்கேன் என்று தாளைப் பிரித்து வலையில் ஒட்டிக் காட்டினாள். எனக்குப் படிக்க வராத நாளிலும் அந்த வரி நன்றாகப் படிக்க வந்தது.

கேசட்டுக்கு வருகிறேன். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் உள்ள அப்பாக்கள், அந்த மாதப் பாடத்தில் வந்த கதையைத் தன் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி எட்டு நிமிடம் பேச வேண்டும், அதைப் பதிவு செய்து வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டில் இருந்து சம்மதக் கையெழுத்து வந்தவர்களுக்கு மட்டும்தான் அது. எங்கள் முறைக்கு வந்தது காணாமல் போன ஆட்டின் கதை. ஜெபக்கூடத்தின் பின் அறையில் ஜன்னலுக்கெல்லாம் கம்பளி தொங்கவிட்டு மேசை மேல் டேப் ரெக்கார்டரை வைத்து, சிகப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு, உன் பொண்ணுகிட்டப் பேசுப்பா, நான் கேக்க மாட்டேன் என்று சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விடுவார். சிகப்பு விளக்கு எரிந்ததும் எனக்கு ஆரம்பிக்க வரவில்லை. படிக்க வராதது ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் அது இல்லை. நீ கடைசியாக என் குரலைக் கேட்டது நான் கைதான அன்று காலையில், உன் பால் தம்ளர் கொட்டியதற்கு நான் கத்தியபோது. அந்தக் குரலையே டப்பாவில் அடைத்து உனக்கு அனுப்புகிற மாதிரி இருந்தது. மூன்று தடவை வாயைத் திறந்தேன், மூன்று தடவையும் மூடினேன், பிறகு பொத்தானை நிறுத்திவிட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்தேன். அங்கே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார் வாத்தியார்.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, பத்திரங்களில் போலிக் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தவர், அத்தனை அழகான கையெழுத்து இருந்ததால் அந்தப் பெயர். குரலோ ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி இருக்கும், சாப்பாடு மணி அடித்துவிட்டது என்று அவர் சொன்னால்கூட நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். என் பாடத்தாள்களுக்கு நான் பார்த்து எழுதியதும் அவரைத்தான். அண்ணே, எனக்குப் பதிலா நீங்க பேசிடுங்க, சின்னப் புள்ளைக்கு என்ன தெரியப்போகுது என்றேன். ஏண்டா, கையெழுத்துலதான் போலின்னு பார்த்தா குரல்லயும் போலியா, தண்டனையைக் கூட்டிவிடப் பார்க்கறியா என்று திட்டிவிட்டு, இரண்டு வாரம் என் தட்டை நீ கழுவு என்று ஒப்புக்கொண்டார். நான் மூலையில் சாய்ந்து நின்றேன். அவர் உட்கார்ந்து, மகளே, அப்பா பேசறேன்டா என்று ஆரம்பித்தார். ஆடு தொலைந்த இடத்தில் குரல் கரகரத்தது, மேய்ப்பன் தேடுகிற இடத்தில் நின்றே போனது, ஆட்டைத் தோளில் தூக்குகிற இடத்தில் கண்ணில் இருந்து கொட்டியது. என்னமா நடிக்கிறார் மனுஷன் என்று நான் மூலையில் நின்று மெச்சிக்கொண்டிருந்தேன். அப்புறம் தட்டு கழுவும்போதுதான் பக்கத்தில் இருந்தவன் சொன்னான், வாத்தியாருக்கும் ஆறு வயதில் ஒரு பெண் இருந்ததும், சம்மதத் தாள் இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்ததும். அவர் உன்னிடம் பேசவே இல்லையம்மா. அவர் தன் பெண்ணிடம் பேசினார்.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். விடுதலையாகி வந்தபோது நீ ஓடி வந்து, அப்பா ஆட்டுக் கதை சொல்லு என்றாய், தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, எனக்கு அந்தப் பெருமையை விட மனம் வரவில்லை. அதோடு விட்டேனா, நானே தொண்டனாக மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை உள்ளே போகத் தொடங்கிய பிறகு, பதினோரு வருடமாக அதே ஜெபக்கூடத்திலும் சபை மேடையிலும் நின்று, என் குரலை அனுப்பினேன், அது என் பெண்ணை வளர்த்தது, நீங்களும் அனுப்புங்கள் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறேன். போதகர் தவறாமல் தோத்திரம் என்பார். போன சனிக்கிழமை ஒரு கொத்தனார் பதிவு அறையில் உட்கார்ந்திருந்தார், அன்றைக்கு எனக்கு இருந்த வயதுதான், இப்போது கேசட் இல்லை, வீடியோ. ஐந்து நிமிடம் திரையையே பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, எனக்கு வரலைங்க, நீங்கதான் நல்லாப் பேசுவீங்களே, முகம் வேண்டாம், குரல் மட்டும் நீங்க குடுங்க என்றார். சரி என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்படியே எழுந்து அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போய், இப்போதெல்லாம் சனிக்கிழமையிலேயே நடக்கிற வட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கட்டையை வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சாட்சியில் என் மதிப்பெண்ணையும் விடாமல் சொல்வது என் வழக்கம். எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர், அப்ப அந்தத் தொண்ணூத்தி நாலும் உங்களது இல்லையா என்றார், கூடமே சிரித்தது, சிஸ்டருக்கு இப்போது எண்பது வயது, அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். கொத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து எட்டு நிமிடத்தில் ஆறு நிமிடம் சும்மா இருந்துவிட்டு, சாப்பிட்டியா, செங்கல் தூக்கற வேலைக்குப் போகாதே, படி, அப்பாவுக்குப் பேச வரலை என்று மட்டும் சொன்னார். அதை அப்படியே அனுப்பினோம்.

அவருக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா என்றுதான் உனக்கு எழுதுகிறேன். அந்த நாட்களில் இருந்து என்னைப் பற்றி உன்னிடம் இருக்கிற ஒரே நல்ல ஞாபகம் அந்தக் குரல்தான், அதையும் நானே பிடுங்குகிறேன் என்று தெரியும், ஆனால் என் பேரப்பிள்ளைக்கு நீ யாரோ ஒருவர் குரலைக் காட்டித் தாத்தா என்று சொல்ல வேண்டாம். கேசட்டை அம்மா உனக்கு அனுப்பக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த மனுஷன் விடுதலையான பிறகு எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது, கேட்கும்போது அவர் பெண்ணுக்காகவும் ஒரு நிமிடம் ஜெபி. என்மேல் கோபம் வந்தால் ஒரு மாதம் போன் செய்யாமல் இரு, அதற்கு மேல் தாங்க மாட்டேன். கோபம் தீர்ந்ததும் சொல், நானே உட்கார்ந்து கதையை முழுசாகச் சொல்லி அனுப்புகிறேன், இப்போது படிக்கவும் வரும், பேசவும் வரும், நிறுத்தத்தான் வராது. இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே, ஈரத் தரையில் வேகமாக நடக்காதே, மாப்பிள்ளையை அந்தத் தும்மலுக்கு டாக்டரைப் பார்க்கச் சொல். ஆண்டவர் உன்னையும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

என்றும் உன் அன்புள்ள,
அப்பா

பி.கு. கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் கேசட்டை உறைக்குள் வைத்துக்கொண்டே சொல்கிறாள், அது வந்த அன்றைக்கே முதல் வரியைக் கேட்டு நீ, இது அப்பா இல்லை என்று அழுதாயாம், உடனே நிறுத்திவிட்டாளாம், அதன் பிறகு தினமும் பெட்டியை உன் முன்னால் வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் நின்று என்னைப் போல மூக்கால் பேசிக் கதை சொல்லி உனக்குச் சோறு ஊட்டினது அவள்தானாம். நீங்க மேடையில அவ்வளவு அழகா சொல்லிட்டிருந்தீங்க, ஏன் கெடுப்பானேன்னு விட்டுட்டேன் என்கிறாள். நான் நம்பாமல் கேசட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாடா இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கத்துக்கு இரண்டு சுற்றுதான் நகர்ந்திருக்கிறது.